மாங்கனி கண்காட்சியில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு அரங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் மாடித் தோட்டத்தைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். பச்சை நிழல்வலை கட்டுவது, தொட்டிக்கு மூடாக்கு போடுவது, வெயில் ஏறும் முன்பே தண்ணீர் ஊற்றிவிடுவது எல்லாம் சரிதான். ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் தக்காளி, கத்தரி, மிளகாயோடு நின்றுவிடுகிறார்கள். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று எங்கள் வட்டாரத்தில், பக்கத்து வீட்டில் இல்லாத செடியாகத் தேடிப்பிடித்து வைத்து, கத்திரி வெயிலில் அதைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி. எங்களுக்காக ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதில் பெரிய பலன் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் குளிரவில்லை என்றால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். அதே நேரத்தில்தான், கொடியிலேயே தொங்கிக் காய்க்கிற காவளிக் கிழங்குக்கு உயிர் வருகிறது. பங்குனி வாக்கில், அடுப்படிக் கூடையில் சும்மா கிடக்கிற கிழங்கை எடுத்துப் பாருங்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனாலும் சொரசொரப்பான தோலில் ஒரு இடம் லேசாக உப்பி, அங்கிருந்து முளை தானாக வெளியே வந்திருக்கும். அப்படியே தொட்டியில் வைத்து மேலே சருகைப் போட்டால் போதும். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஏறும், கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, வெற்றிலை போன்ற அகலமான இலையோடு மாடிப்படிக் கம்பி முழுக்கச் சுற்றிக்கொள்ளும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் இலைக்காம்பு ஒட்டுகிற இடத்திலெல்லாம் கிழங்கு தொங்கும். தை பிறக்கும்போது கொடி காய்ந்து விழுந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், மண்ணுக்குள் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதே கொடியில் காட்டு வகைகளும் உண்டு, அவற்றில் சில கசக்கும், நஞ்சும் இருக்கும், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் காவளியை, வேகவைத்துச் சாப்பிட்டுப் பழகிய வீட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். கொடுக்கிறவரின் முகம் தெரிய வேண்டும். நான் சொல்ல வருவதே இதைத்தான்.

சிறகு அவரையும் அப்படித்தான். ஆசைப்பட்டு மாசியில் விதைத்தவர்கள், கொடி பந்தலை மூடியும் ஆவணி வரைக்கும் ஒரு பூகூட இல்லையே என்று வெறுத்துப்போய்ப் பிடுங்கிப் போடுகிறார்கள். அது பகல் பொழுது குறையும்போது பூக்கிற செடி. ஐப்பசி வரை பொறுத்தால் இளநீலப் பூவும், நாலு பக்கமும் இறக்கை வைத்த காயும் கொத்துக் கொத்தாக வரும், இலை, பூ, கிழங்கு எல்லாமே சாப்பிடலாம். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனை கொடி வீணாகிறது!

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்த போர் தண்ணீரை டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மாதிரி அழகுச் செடிகளுக்கு ஊற்றினால் இலை நுனி பழுப்பாகக் கருகிக்கொண்டே வரும். வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றுவோம், இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவோம், இன்னும் கருகும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு, இந்தச் செடிகளுக்கு அதை வைக்காமல் இருப்பதே நல்லது. கோடை மழையில் இரண்டு டிரம் பிடித்து வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் ஊற்றினால் புது இலை சுத்தமாக வரும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து எழுதுகிறவர்களுக்கு இது தோன்றாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏன், ஓசூர்க்காரர்கள் பக்குவமே எங்களுக்கு ஒத்துவராது. ஓசூர் சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. அங்கே திறந்த மொட்டைமாடியில் பச்சையாக நிற்கிற டிராகன் பழக் கொடி, இங்கே மே மாதத்தில் மேற்கு வெயில் படும் பக்கம் மஞ்சளாகி வெந்துபோகிறது. நிழல்வலை இல்லாமல் முடியாது.

இதெல்லாம் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். தெரியாதவர்கள் இணையத்தில் நீல ஸ்ட்ராபெரி விதை, வானவில் ரோஜா விதை என்று வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். நீல ஸ்ட்ராபெரி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்த்து வைத்த காசில் வாங்கி, முளைக்கவில்லையே என்று நம்மிடம் வந்து கேட்கும்போது மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் மாங்கனி கண்காட்சி வழக்கமாக ஜூன், ஜூலை வாக்கில் நடக்கிறது. அடுத்து ஆடிப்பட்டம். விதை கைமாறுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அரசுத் துறைகளுக்கு அத்தனை அரங்கு இருக்கிறதே, அதில் ஒன்றை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒதுக்கினால் என்ன? கண்காட்சி முழுக்கக்கூட வேண்டாம், சனி, ஞாயிறு மட்டும் போதும். விற்பனை கிடையாது, விதையும் கிழங்கும் பதியனும் மாற்றிக்கொள்வதுதான். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ ஒருவர் வந்து உட்கார்ந்தால், சந்தேகமான கிழங்கை அங்கேயே காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

மாவட்ட நிர்வாகமும் தோட்டக்கலைத் துறையும் இதை யோசிக்க வேண்டும், உங்கள் நாளிதழும் நாலு வரி எழுத வேண்டும். அரங்கு கிடைத்தால் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம்: பொட்டலத்தின் மேல் செடியின் பெயர், எந்த ஊர், எந்த மாதம் எடுத்த விதை, சாப்பிடலாமா கூடாதா என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். என் பங்குக்கு இரண்டு கூடை காவளிக் கிழங்கும், சிறகு அவரை விதையும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்