அம்மாவின் முட்டையும் என் ஊர் அஸ்பாரகஸும்

ஜெர்மனியின் ஷ்வெட்சிங்கன் அருகிலிருந்து,
மே 18

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு வரியில் நின்றுவிட்டேன். கொழுப்புக்குப் பயந்து ஆறு மாதமாக முட்டையே தொடுவதில்லை, இப்போது மாடிப்படி ஏறத் திணறுகிறார் என்று எழுதியிருக்கிறாய். விடுதியிலிருந்து சனிக்கிழமை உன்னோடு ராசிபுரம் வந்தால், கொதிக்கிற குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று என்று வைத்தவர் அவர். அவர் தட்டில் முட்டை இல்லை என்பதை நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

முதலில் என் வீட்டுச் செய்தி. மகளுக்கு இது நான்காம் மாதம். வாந்தி நின்றுவிட்டது, பசி திரும்பியிருக்கிறது. வாரக் கடைசியில் வந்துவிடுகிறாள். அவளுக்கு என்ன சமைப்பது என்பதுதான் இப்போது என் முழுநேர யோசனை. அதோடு இங்கே, இளம் தண்டைக் காய்கறியாகச் சமைக்கும் அஸ்பாரகஸின் காலம் வேறு.

நீ கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது பச்சை. இங்கே கொண்டாடுவது வெள்ளையை. செடி ஒன்றுதான்; மண்ணை வரப்பு போல உயரமாகக் குவித்து, வெயிலே படாமல் தண்டை வளர்க்கிறார்கள். தலை வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் ஒவ்வொரு தண்டாகக் கையால் தோண்டி வெட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து ஷ்வெட்சிங்கன் அரண்மனைத் தோட்டத்தில் 1668லேயே இதைப் பயிரிட்டதாகச் சொல்வார்கள். ஏப்ரலில் தொடங்கி ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் வெட்டினால் வேருக்குச் சத்து சேராது, அடுத்த வருடம் செடி நலிந்துவிடும். சந்தையில் இரண்டு தண்டை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பேன். கீச்சென்று சத்தம் வந்தால் புதியது. சத்துக்கு என்று பார்த்தால் வெயில் பட்ட பச்சைதான் ஒரு படி மேலே. வைட்டமின் சியும், காய்கறிக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகளும் அதில் கூடுதல்.

சரி, உன் போனுக்கு வந்த அந்தச் செய்திக்கு வருகிறேன். "முட்டையைவிட அஸ்பாரகஸில் புரதம் அதிகம், கொழுப்பே இல்லை." அதை நம்பித்தானே ஒரு டிரே முட்டை விலைக்கு ஒரு சின்னக் கட்டு வாங்கி வந்தாய்? இத்தனை வருடம் மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போட்டவள் நான். அதனால் இந்தக் கணக்கை உனக்குப் பிரித்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் செய்தி எடைக்கு எடை ஒப்பிடவில்லை, கலோரிக்குக் கலோரி ஒப்பிடுகிறது. 100 கலோரி அளவுக்கு முட்டை என்றால் ஒன்றரை முட்டை, அதில் சுமார் 9 கிராம் புரதம். 100 கலோரி அளவுக்கு அஸ்பாரகஸ் என்றால் 11 கிராம் புரதம். எண்ணைப் பார்த்தால் அஸ்பாரகஸ் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த 100 கலோரிக்கு அரை கிலோ அஸ்பாரகஸ் சாப்பிட வேண்டும், ஏறக்குறைய முப்பது தண்டு! அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தண்ணீர். 100 கிராமில் இருப்பது 20 கலோரியும் 2 கிராம் சொச்சம் புரதமும்தான். ஒரே ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் அம்மா சாப்பிடுவதே ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் எது அடங்கும் என்று யோசித்துப் பார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அஸ்பராஜின் என்று ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் கற்களில் ஒன்று. 1806இல் பிரான்சில் வோக்லான், ரோபிகே என்ற இருவர் அஸ்பாரகஸ் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். உலகத்தில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் அதுதான், பெயரும் இந்தத் தண்டிலிருந்தே வந்தது. ஆனால் அதை நம் உடம்பு தானே செய்துகொள்ளும். உடம்பால் செய்ய முடியாத, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்த ஒன்பதும் தேவையான அளவில் முட்டையில் இருக்கின்றன. வைட்டமின் பி12 முட்டையில் உண்டு, அஸ்பாரகஸில் இல்லை. வைட்டமின் டியும் அப்படியே.

இங்கே ஜெர்மனியில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் புரதம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இளையவர்களுக்குச் சொல்வதைவிட அது கூடுதல். வயதாக ஆகத் தசை கரைகிறது, அதைத் தடுக்கத்தான். அம்மா ஐம்பது கிலோ இருப்பாரா? அப்படியானால் நாளுக்கு ஐம்பது கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி என்று நீ எழுதியதை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், பாதிகூடத் தேறவில்லை. படி ஏற முடியாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அதனால் வைத்தியரிடம் காட்டி பி12, வைட்டமின் டி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடு. ஆனால் முட்டையை நிறுத்திய ஆறு மாதமும் அவர் தளர்ந்த ஆறு மாதமும் ஒன்றாக இருப்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

கொழுப்புப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1968இல் அமெரிக்க இதயச் சங்கம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம், நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் போகக் கூடாது என்றது. ஒரு மஞ்சள் கருவிலேயே 200க்குக் கொஞ்சம் குறைவாக இருப்பதால் முட்டை ஒரே நாளில் குற்றவாளி ஆகிவிட்டது. பிறகுதான், பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலைவிட நெய், வனஸ்பதி, கொழுப்புள்ள கறி போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பே ரத்தத்தில் அதிகம் ஏற்றுகிறது என்று தெளிவானது. 2015ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியில் அந்த 300 என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள். சர்க்கரையோ பரம்பரையாகக் கொலஸ்ட்ராலோ இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது இரண்டும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இதனால் அஸ்பாரகஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. முட்டையில் இல்லாதது அதில் இருக்கிறது. முட்டையில் நார் இல்லை, வைட்டமின் சி துளியும் இல்லை. ஃபோலேட் என்ற பி வைட்டமினைப் பார்: வேகவைத்த தண்டு ஆறு சாப்பிட்டால் 130 மைக்ரோகிராமுக்கு மேல் கிடைக்கும், பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு முட்டையில் இருபது, இருபத்தைந்துதான். என் மகளுக்கு இது பெரிய விஷயம். குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் குழாய் கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே மூடிக்கொள்கிறது, அதற்கு ஃபோலேட் வேண்டும். அதற்காக முன்பே மாத்திரை எடுத்துக்கொண்டாள். இப்போதும் தேவை குறையவில்லை. அதே குழந்தையின் மூளைக்குக் கோலின் என்ற சத்தும் வேண்டும். அதற்கு முட்டைக்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு முட்டையில் முந்நூறு மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். அவளுக்கு அமெரிக்காவில் சொல்லும் அளவு 450. இந்த இரண்டில் எதை நான் அவள் தட்டிலிருந்து எடுப்பேன், சொல்?

இங்கே வழக்கமாக வெள்ளை அஸ்பாரகஸ் மேல் மஞ்சள் கருவும் வெண்ணெயும் அடித்த சாஸ் ஊற்றுவார்கள். அதில் கரு முழுதாக வேகாது, கர்ப்பிணிக்கு ஆகாது. அதனால் பெல்ஜியத்தில் ஃப்ளாண்டர்ஸ் பக்கத்து முறையில் செய்கிறேன்: கெட்டியாக வேகவைத்த முட்டையைக் கையால் உதிர்த்து, உருக்கிய வெண்ணெயும் பொடியாக நறுக்கிய பார்ஸ்லியும் சேர்த்துத் தண்டின் மேல் தூவுவது. நான் கொஞ்சம் மிளகும் தட்டிப் போடுகிறேன். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட மாட்டேன். ஃபோலேட்டும் வைட்டமின் சியும் தண்ணீரில் இறங்கிவிடும். சீவிய தோலையும் அதிலேயே கொதிக்கவிட்டு சூப் வைத்துவிடுவேன். அம்மா கீரைத் தண்ணீரை ரசத்தில் சேர்ப்பாரே, அதே மாதிரி.

2015இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சிலருக்கு வேகவைக்காத காய்கறி சாலட்டை முட்டை இல்லாமலும், சமைத்த முழு முட்டைகளோடும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று முட்டையோடு சாப்பிட்டபோது காயிலிருந்த கரோட்டினாய்டுகள் ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேர்ந்தன. மஞ்சள் கருவின் கொழுப்புதான் அவற்றை உள்ளே எடுத்துப் போகிறது. உன் போனுக்கு வந்த அந்தச் செய்தியை எழுதியவர் எதிரெதிரே நிறுத்திய இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டியவை.

உனக்கு இதற்காக அஸ்பாரகஸ் தேட வேண்டியதில்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது. கீரையை உருவி, வெங்காயத்தோடு வதக்கி, கடைசியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிவிடு. அம்மாவுக்கு மெல்லவும் சுலபம். உன் நாத்தனார், தண்ணீர்விட்டான் கிழங்கும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஒரே குடும்பத்துச் செடி, ஆனால் இனம் வேறு. அங்கே மருந்துக்கு எடுப்பது கிழங்கை, இங்கே சாப்பிடுவது இளம் தண்டை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

அப்புறம் ஒன்று, மறக்காதே. இதய வால்வு மாற்றிய உன் அண்ணன் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார் அல்லவா? அஸ்பாரகஸிலும் கீரையிலும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அவர் இவற்றைத் திடீரென்று கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாராவாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாற்றட்டும்.

நாமக்கல்லிலிருந்து ஊர் ஊராக முட்டை போகிறது, 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ராசிபுரத்தில் அம்மா முட்டை இல்லாமல் இருக்க வேண்டாம். நாளைக்கே ஒன்றை வேகவைத்து உரித்துக் கையில் கொடு. வேண்டாம் என்றால் நான் சொன்னேன் என்று சொல். அதற்கும் மசியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் மாலை ஆறு மணிக்கு மேல் என்னைப் போனில் கூப்பிட்டு அவரிடம் கொடு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி