வேலை உத்தரவுக்குப் பிந்தைய ஒப்பந்த விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

பொருள்: சாலை, மழைநீர் வடிகால் பணிகளின் ஒப்பந்த விவரங்களையும் அளவுப் புத்தகப் பதிவுகளையும் (செய்த பணியின் அளவுகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வார்டில் சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பு போட்ட தார்ச் சாலை அந்த மழையிலேயே ஜல்லி பெயர்ந்துவிட்டது. பணியை எடுத்தவர் யார், எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் போட்டிருக்க வேண்டும், பழுதுக்கு அவர் எவ்வளவு காலம் பொறுப்பு என்று விசாரித்தோம். விவரம் கிடைக்கவில்லை.

டெண்டர் திறக்கும் வரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லும் அதன் விதிகள் 2000-லும் வந்தன. டெண்டரைத் தாக்கல் செய்ய, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வேலை உத்தரவு கொடுத்த பிறகு நடப்பதுதான் தெருவில் குடியிருப்பவர் கண்ணுக்கு எட்டுவதில்லை.

கட்டுப்படியாகாத விலைக்குப் பணியை எடுத்தவர், அல்லது அவரிடமிருந்து உள் ஒப்பந்தமாக வாங்கியவர், லாபத்தை எங்கே தேடுவார்? தாரின் அளவில், ஜல்லியின் கனத்தில், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்த வேண்டிய நாட்களில் கை வைப்பார். பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. தார் மூடிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்பதைத் துளையிட்டு மாதிரி எடுக்காமல் எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. ஆனால் போடும்போது எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக்கூடத் தெரியும். எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவரிடம் சொல்லப்படவில்லை. பல வார்டுகளைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர் எல்லா இடத்திலும் நிற்க முடியாது என்பதையும் உணர்ந்தே இதை எழுதுகிறோம்.

எனவே, ஒவ்வொரு பணியும் தொடங்கும் நாளிலேயே மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், நீளம், கனம், முடிக்க வேண்டிய தேதி, பழுதுநீக்கப் பொறுப்புக் காலம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகையைப் பணியிடத்தில் வைக்க வேண்டுகிறோம். பணி முடிந்த பிறகு வைக்கும் பலகையால் பயனில்லை. ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலுக்கு (பில்) பணம் வழங்கும் முன் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களையும் தரப் பரிசோதனை அறிக்கையையும் வார்டு மக்கள் பார்க்க வைக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்து வைத்த தொகையை விடுவிக்கும் முன், பொறுப்புக் காலம் முடியும் தருவாயில், குடியிருப்போரையும் உடன் வைத்துச் சாலையை ஆய்வு செய்ய வேண்டும்.

இவை புதிய சலுகைகள் அல்ல. பணியையும் ஆவணங்களையும் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே) ஏற்கெனவே உரிமை தந்திருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியே மனுப் போட்டுக் காத்திருக்கும் நிலையைத் தவிர்க்கவே கேட்கிறோம்.

எங்கள் வார்டில் அடுத்துத் தொடங்கவுள்ள மழைநீர் வடிகால் பணியிலிருந்தே இதை நடைமுறைப்படுத்தவும், பெயர்ந்த சாலையை ஒப்பந்ததாரரின் சொந்தச் செலவில் சீரமைக்க உத்தரவிடவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வார்டு குடியிருப்போர் சார்பில்,
செயலாளர்