தொலைபேசி ஆலோசனைக் குழுக்களுக்கு விடை கொடுங்கள்

மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கும், வேலூர், அரக்கோணம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையில் ஆட்களை நியமித்து நடத்தப்படும் தொலைபேசி ஆலோசனைக் குழுக்களைக் கலைத்துவிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

அந்தக் குழுக்களுக்கு ஒரு காலம் இருந்தது. வீட்டுக்கு இணைப்பு கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். ஊருக்கெல்லாம் போன் என்றால் அது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்துதான். வேலூர் காந்தி ரோட்டில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த வங்காளத்து நோயாளிகளின் உறவினர்கள் இரவில் கட்டணம் குறையும் வேளைக்காகப் பூத்து வாசலில் வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அறுவைச் சிகிச்சை முடிந்த செய்தியைச் சொல்லும்போதும் கண் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களை விட்டு அகலாது. ரிசீவரை வைத்ததும் கல்லாவில் சின்னச் சீட்டு ஒன்று அச்சாகி வரும். அந்தக் கல்லாவில் பல இடங்களில் மாற்றுத்திறனாளிகள் அமர்ந்திருந்தார்கள். உரிமம் வழங்குவதில் அவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. அது நல்ல ஏற்பாடு. கேபிள் பழுதையும் பூத்துக்காரர் குறையையும் அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல அன்று ஒரு குழு தேவைப்பட்டது.

2003 மே மாதம் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன்பின் பூத்துகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்தினீர்கள். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. குழுக்களை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? அவை அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். அதிகாரிகளோடு கூடிப் பேசுபவை. இன்று பெரும்பாலான மக்களின் கையில் இருப்பதோ தனியார் இணைப்பு. அவர்களின் குறை அங்கே எடுபடாது.

செலவு ஒன்றும் பெரிதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். கேட்பதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது என்ற பெயரில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2023 மே மாதம் அணைக்கட்டு பகுதியின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் பெற்ற தாய் உடலைச் சுமந்து நடந்தார். அது சாலையின் துயரம் என்பது தெரியும். ஆனால் சாலை போட்ட பிறகும், 108-ஐ அழைக்க அங்கே சிக்னல் கிடைக்க வேண்டுமே!

ஆகவே குழுக்களின் அடுத்த நியமனத்துக்குப் பெயர்கள் அனுப்பாதீர்கள். மாவட்டத்துக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள். எல்லா நிறுவனங்களிடமும் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும். சிக்னல் எட்டாத மலைக்கிராமங்களின் பட்டியலை அவர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டத்தில் வெளிப்படையாக வைக்கட்டும். மூடிய பூத்துகளின் வைப்புத்தொகை எவருக்காவது இன்னும் பாக்கி இருந்தால், குழுக்களைக் கலைப்பதற்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்