ஐஸ்லாந்து ஒதுங்கி நின்ற நாடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஐஸ்லாந்து பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "ராணுவம் இல்லாத, யார் வம்புக்கும் போகாத, உலக அரசியலில் இருந்து ஒதுங்கி வாழும் குட்டி நாடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ராணுவம் இல்லை, குட்டி நாடு என்ற இரண்டைத் தவிர மற்றது எதுவும் சரியில்லை. மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வம்புக்குப் போகாத நாடா? பிரிட்டனோடு மூன்று முறை மல்லுக்கு நின்று மூன்று முறையும் ஜெயித்த நாடு அது.

எல்லாம் காட் மீனுக்காகத்தான். அன்று ஏற்றுமதியில் பெரும்பகுதி மீன் என்பதால் அவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. 1958இல் 12 கடல் மைல் வரை எங்கள் மீன்பிடி எல்லை என்றார்கள், 1972இல் 50 மைல், 1975இல் 200 மைல். ஒவ்வொரு முறையும் பிரிட்டன் தன் மீன்பிடிக் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்திடம் இருந்ததோ சில கடலோரக் காவல் கப்பல்கள். 1972 முதல் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கூரான கொக்கி மாதிரி ஒரு கருவியைக் கம்பியில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பலுக்கும் அதன் வலைக்கும் நடுவே குறுக்காகப் போனார்கள். வலையை இழுக்கும் இரும்பு வடம் அறுந்தால் வலையும் போச்சு, அதிலிருந்த மீனும் போச்சு, அந்தப் பயணத்தின் வருமானமும் போச்சு. துப்பாக்கிச் சூட்டை விட இது நன்றாக வேலை செய்தது. கப்பல்கள் மோதிக்கொண்டன, 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனுடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது (இரண்டும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடுகள், அதை மறந்துவிடக் கூடாது), ஜூன் மாதம் பிரிட்டன் இறங்கி வந்தது. பிற்பாடு 1982இல் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 200 மைல் பொருளாதார மண்டலம் என்பது உலகத்துக்கே பொது விதியாகிவிட்டது.

சரி, குட்டி நாடு தைரியத்தால் வென்றது என்று கதையை முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்கு உங்கள் கட்டுரையோடு பெரிய தகராறு. ஐஸ்லாந்தின் கெப்லாவிக்கில் அமெரிக்க ராணுவத் தளம் இருந்தது. சோவியத் நீர்மூழ்கிகள் வடக்கிலிருந்து அட்லாண்டிக்குக்குள் வர வேண்டுமானால் கிரீன்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள கடலைத் தாண்டியாக வேண்டும், அந்த வழியின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பது ஐஸ்லாந்து. எங்களை நெருக்கினால் தளத்தை மூடிவிடுவோம், நேட்டோவை விட்டு விலகுவோம் என்ற பேச்சு தலைநகர் ரெய்க்யாவிக்கில் எழுந்ததும் வாஷிங்டனுக்கும் நேட்டோ தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் வயிற்றைக் கலக்கியது. அதற்கும் முன்னால், 1952இல் எல்லையை 4 மைலாக்கியதற்காகப் பிரிட்டிஷ் துறைமுகங்கள் ஐஸ்லாந்து மீனை இறக்க மறுத்தபோது, அந்த மீனை வாங்க முன்வந்தது சோவியத் யூனியன். நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று மாஸ்கோவுக்கு மீன் விற்கிறது! இதை ஒதுங்கி வாழ்வது என்று சொன்னால் ராஜதந்திரம் என்று எதைச் சொல்வது?

இந்தத் தளம் அங்கே எல்லோருக்கும் இனிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1949 மார்ச் 30 அன்று நேட்டோவில் சேர நாடாளுமன்றம் வாக்களித்தபோது வெளியே கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. 1955இல் நோபல் பரிசு வாங்கிய ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸ் அந்த வாக்கெடுப்புக்கு முந்தைய வருடமே, 1948இல், நாட்டை அந்நியத் தளத்துக்கு விற்கும் அரசியல்வாதிகளைக் கிண்டலடித்து ஒரு நாவல் எழுதிவிட்டார். நீங்கள் அவரை "கிராமத்து வாழ்க்கையைச் சித்தரித்தவர்" என்று ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள். ஆடு மேய்க்கும் விவசாயியைப் பற்றி எழுதியவர்தான், ஆனால் அந்த விவசாயியின் ஆட்டிறைச்சிக்கு விலை ஏறுவதும் அவன் கடனில் விழுவதும் முதல் உலகப் போரால்தான் என்று காட்டியவரும் அவரே.

இலக்கியம் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. ஓடின், தோர் என்று இன்று சினிமா வரை வந்துவிட்ட வடதேசத்துக் கடவுள்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஐஸ்லாந்துக்காரர்கள் கன்றுத்தோலில் எழுதிவைத்ததுதான். அவர்களில் முக்கியமானவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன், நார்வே மன்னரின் அரசியலில் சிக்கி 1241இல் தன் வீட்டு நிலவறையிலேயே கொல்லப்பட்டார். வறுமைக் காலத்தில் அந்த ஏடுகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆர்னி மக்னூசன் என்ற அறிஞர் பண்ணை பண்ணையாகப் போய்த் தேடியபோது, ஒரு ஏடு சட்டை தைக்க அளவு மாதிரியாக வெட்டப்பட்டிருந்தது, இன்னொன்று பிஷப்பின் தொப்பிக்குள் விறைப்புக்காக வைக்கப்பட்டிருந்தது. அவர் சேர்த்ததெல்லாம் ஆட்சி செய்த டென்மார்க்கின் தலைநகருக்குப் போனது. நாடு 1944இல் குடியரசானது, ஏடுகள் திரும்பவில்லை. பல வருடம் விடாமல் கேட்டு, டென்மார்க் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வழக்காடி முடிந்த பிறகு, 1971 ஏப்ரல் 21 அன்று முதல் இரண்டு ஏடுகளை டென்மார்க் கடற்படைக் கப்பலே கொண்டுவந்து ரெய்க்யாவிக்கில் இறக்கியது. துறைமுகத்தில் ஊரே கூடியிருந்தது, தொலைக்காட்சியில் நேரலை. ஆண்ட நாடு அடிமை நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்த பொருள் என்று உலகத்தில் தேடினால் இப்படி எத்தனை கிடைக்கும்?

புகழ்பாட மட்டும் இதை எழுதவில்லை. 2003 இராக் போருக்கு ஆதரவளித்த நாடுகள் என்று அமெரிக்கா போட்ட பட்டியலில் ஐஸ்லாந்தும் உண்டு. பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் எடுத்த முடிவு அது, உள்நாட்டில் பலமான எதிர்ப்பு. 2008இல் நாட்டின் பெரிய வங்கிகள் மூன்றும் சில நாட்களுக்குள் கவிழ்ந்தபோது, அதில் ஒரு வங்கியின் சொத்தை முடக்கப் பிரிட்டன் தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தையே எடுத்தது. அப்புறம் அந்த வங்கி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டியிருந்த கடனை நாங்கள் கட்ட மாட்டோம் என்று மக்கள் இரண்டு முறை வாக்கெடுப்பில் சொன்னார்கள், 2013இல் எஃப்டா (ஐரோப்பியச் சுதந்திர வர்த்தகக் கூட்டமைப்பு) நீதிமன்றமும் ஐஸ்லாந்து பக்கமே தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் பணம் போட்டவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

பால்டிக் நாடுகள் விஷயம் உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 1991இல் லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூன்றும் சோவியத்திலிருந்து விடுபடத் துடித்தபோது, சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று பெரிய நாடுகள் கைகட்டி நின்றன. ஐஸ்லாந்து நாடாளுமன்றம் பிப்ரவரியிலேயே லிதுவேனியாவை அங்கீகரித்தது, மாஸ்கோ தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆகஸ்டில் மூன்று நாடுகளின் அமைச்சர்களையும் ரெய்க்யாவிக்குக்கு வரவழைத்துத் தூதரக உறவுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இன்று எஸ்டோனிய வெளியுறவு அமைச்சகத்தின் முகவரியே ஐஸ்லாந்து சதுக்கம், எண் 1.

கடைசியாக, ரெய்க்யாவிக்கில் உள்ள ஹோஃப்டி மாளிகை படத்துக்குக் கீழே "பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் வீடு" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பேய்க்கதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1986 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரீகனும் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களை ஒழிப்பது வரை பேசிவிட்டு, உடன்பாடு இல்லாமல் முகம் தொங்கி வெளியே வந்தது அந்த வாசல் வழியாகத்தான். அங்கே பேசியதன் மீதே அடுத்த ஆண்டு நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தம் எழுந்தது. குறைந்தபட்சம் அந்தப் படக்குறிப்பையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்