கடைசி ஆள் வரும்வரை தண்ணீர் மேசை இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவரின் வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ஐந்து வருடமாகிறது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். நாற்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, இங்கே நடந்த ஓர் அரை மரதன் ஓடினேன். 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெருமையடிக்க எழுதவில்லை. சரி, அதுவும் கொஞ்சம் உண்டு.

எட்டு மாதம் மரீன் டிரைவில் விடியுமுன் ஓடிப் பழகினேன். முதல் நாள் எங்கள் தொடர்மாடி வாசலில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மம்மா, "என்ன பிள்ளை, ஆரும் கலைக்கினமோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கூட்டத்தைத்தான் கலைப்பார்கள். துரத்துகிறார்களா என்று கேட்டிருக்கிறார் என்பது புரிய இரண்டு நாளானது. அதே அம்மம்மாதான் பிறகு, முல்லைத்தீவு அகிலத்திருநாயகி எழுபது வயதைத் தாண்டி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்ப் பதக்கங்களோடு திரும்பியதைச் சொல்லி, "நீங்கள் சின்னப் பிள்ளை, ஓடுங்கோ" என்றார்.

ஓட்டம் காலை 5.30க்குத் தொடங்கியது. விண்ணப்பத்தில் மூன்றரை மணி நேரம் தருவதாகப் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். எட்டு மணி தாண்டி 17ஆவது கிலோமீட்டருக்கு வந்தால், தண்ணீர் மேசையை மடக்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, "முடிந்துவிட்டது அக்கா" என்றான் ஒரு பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாரோ சொன்னதைச் செய்கிறான். அடுத்த மேசை இருந்த இடத்தில் காலிக் குவளைகள் மட்டும் கிடந்தன.

கொழும்பு வெயிலைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைச் செய்யலாமா? எங்கள் ஊர் வெயிலில் வியர்வை காய்ந்து சட்டையில் உப்புப் பூக்கும். இங்கே காற்றிலேயே ஈரம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்புச் சூடும் இறங்காது. முதலில் வருகிறவர் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார், அப்போது வெயில் ஏறியே இருக்காது. உச்சந்தலை கொதிக்க ஓடுவது பின்னால் வருகிற எங்களைப் போன்றவர்கள்தான்.

ஒரு கட்டட வாசலில் நின்ற காவலாளி தன் போத்தலை நீட்டினார். அவர் சிங்களத்தில் சொன்னதில் 'வத்துர' (தண்ணீர்) மட்டும் எனக்குப் புரிந்தது. பாதியைக் குடித்துவிட்டேன். 8.50க்கு முடித்தேன், பத்து நிமிடம் மிச்சம்.

முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் ஊர்வலம் போகும்போது, காலி நகருக்குப் போகிற காலி வீதியோரம் தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஊர் இது. வெசாக் பண்டிகையில் போடும் தன்சல் என்ற இலவசப் பந்தலில் பஸ்ஸை மறித்துக்கூடக் குளிர்பானம் கொடுக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்துகிற ஓட்டத்தில் மட்டும் தண்ணீர் ஏன் முன்வரிசையோடு தீர்ந்துபோகிறது?

ஏற்பாட்டாளர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். சொன்ன நேரம் முடியும்வரை மேசையை எடுக்கக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒருவரை அனுப்பி, அவர் கடந்த பிறகே மேசையை மடக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால், கடைசி மேசையில் நிற்க எங்கள் தொடர்மாடிப் பெண்கள் மூன்று பேர் தயார். அம்மம்மாவும் வருவதாகச் சொல்கிறார், கதிரை மட்டும் வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6