கேள்வித்தாளில் இல்லாத சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் போகும் துணை மானியங்களை 2025 மே மாதம் நிறுத்திவைத்தன. செய்தியைப் படித்த என் மகன், "அவங்க காசு, அவங்க நிறுத்துறாங்க. நமக்கென்னம்மா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துணை மானியம் என்பது என்ன? அங்கே ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குப் பணம் வாங்கும். அதில் ஒரு பங்கை இந்தியாவிலோ கென்யாவிலோ தன்னோடு சேர்ந்து வேலை செய்யும் மருத்துவமனைக்குக் கொடுக்கும். வீடு வீடாகப் போகிறவர்களின் சம்பளம், ரத்த மாதிரி வைக்கும் ஃப்ரீசர், வண்டிக்கு டீசல் எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் வர வேண்டும். நிறுத்தியவர்கள், வெளியே போகும் பணத்துக்குச் சரியான கணக்கு இல்லை, புது ஏற்பாடு வேண்டும் என்றார்கள். கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரு குழந்தையை மாதாமாதம் எடை பார்க்கும் ஆய்வில் நான்கு மாதம் விட்டுப்போனால், அந்த நான்கு மாதத்தைப் பிறகு எந்தப் பணமும் திருப்பித் தராது.

இது எனக்குத் தெரிவதற்குக் காரணம், தென் மாவட்டக் கிராமங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் குழந்தைகள் நல ஆய்வில் மூன்று ஆண்டுகள் நான் கள ஆய்வாளராக இருந்ததுதான். எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி: "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" முதல் மாதம் பெரும்பாலான தாய்மார் இல்லை என்றார்கள். பக்கத்திலேயே பிள்ளை துவண்டு கிடக்கும்! அங்கிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. "அக்கா, இவங்க இதை என்னன்னு சொல்றாங்க?" என்று உடைந்த தமிழில் என்னைக் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டோம். சிலருக்கு அது மாந்தம். சிலருக்குச் சீர் தட்டியது. பல் முளைக்கும்போது போவது நோயே இல்லை. 'வயித்தால போகுது' என்றால் ஒத்துக்கொள்வார்கள், அதுவும் கடுமையாகப் போனால் மட்டும். அந்தச் சொற்களையெல்லாம் சேர்த்துக் கேட்ட பிறகுதான் எங்கள் தாளில் உண்மை ஏறத் தொடங்கியது.

வங்கதேசத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1968-ல் டாக்காவில், இருபதுகளில் இருந்த டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள். 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனபோது, கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் இருந்த திலீப் மகலனாபிஸ் அதே கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. நாம் மருந்துக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பிறப்பு இதுதான்.

ஆனால் மருந்து கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பின் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மார் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள், ஆனால் ஆரம்பத்தில் பெரும்பாலோர் கலந்து கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தால், அவர்கள் வயிற்றுப்போக்கை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 'டயரியா' என்பது அவர்களுக்குக் காலரா மாதிரி கடுமையானது மட்டும். மற்ற மூன்றுக்கும் இந்த நீர் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிறகு ஹார்வர்டில் கற்பித்த கேஷ் பல பத்தாண்டுகள் வங்கதேசத்துக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தார். அப்படி வந்துபோக அவருக்கு வழி இருந்தது.

எங்களோடு வேலை செய்த மாணவிக்கு அப்படி இல்லை. அவருடைய பல்கலைக்கழகம் கொடுத்தது விமான டிக்கெட், ஒரு காப்பீட்டு அட்டை, இங்கே இருக்க எட்டு மாதம். நம் நாட்டில் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு நெறிமுறைக் குழு போதாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். அது வேண்டியதுதான், நம் மக்களின் பாதுகாப்புக்கான ஏற்பாடு. ஆனால் அதற்காகக் காத்திருந்த நாட்களையும் அந்த எட்டு மாதத்திலேயே கழித்துவிட்டார்கள். தமிழ் படிக்க ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. இடையில் டெங்கு வந்து படுத்தார். காப்பீட்டு எண்ணுக்குப் போன் போட்டால் படிவம் அனுப்பச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் அம்மாவோடு இரவில் வீடியோவில் பேசியதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஆய்வு முடிந்தது, அவர் போனார். கிராமத்தில் முடிவைச் சொல்ல அவர் திரும்பி வர விரும்பினார், அதற்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தாய்மார் என்னைத்தான் கேட்டார்கள், "எம்புள்ளைய அத்தனை தடவை குத்தி ரத்தம் எடுத்தீங்களே, என்ன தெரிஞ்சுது?"

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது இதுதான். அனுப்பும் முன் ஆறு மாதம் மொழி படிக்க விடுங்கள், அதையும் ஆராய்ச்சிக் காலமாகவே கணக்கு வையுங்கள். நள்ளிரவில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு மனிதரின் எண்ணைக் கொடுங்கள். முடிவைச் சொல்லத் திரும்பி வரும் செலவை மானியத்திலேயே எழுதுங்கள். பணம் நிற்கப் போகிறதென்றால் கள ஆய்வாளர்களுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். எங்கள் குழுவில் நாங்கள் எட்டுப் பேர். அத்தனை பேர் வீட்டிலும் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

உங்கள் இதழ் இனி இதைப் பற்றி எழுதும்போது பேராசிரியர்களோடு கள ஆய்வாளர்கள் இரண்டு பேரையாவது சந்தித்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பழைய குழுவைச் சேர்த்து வைக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி,
சாத்தூர்