மூன்று நாள் அங்கோர் பயணத்துக்கு ஒருநாள் சீட்டு: பணத்தை மீளக் கோரும் புகார்க் கடிதம்

திருகோணமலை

முகாமையாளர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் திருகோணமலைக் கிளையில் முழுப்பணமும் கட்டி, கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க நாங்கள் நண்பர்கள் ஆறு பேர் போய்வந்தோம். பயண நிரலில் இருந்தது மூன்று நாள். ஒழுங்காகப் பார்க்கக் கிடைத்தது ஒரு நாளுக்கும் குறைவு. மழையும் பெய்யவில்லை, விமானமும் பிந்தவில்லை. கொழும்பில் மேசையில் இருந்தபடியே சரிபார்த்திருக்கக்கூடியவற்றை உங்கள் அலுவலகம் சரிபார்க்கவில்லை. எது எங்கே பிழைத்தது என்பதைக் கீழே எழுதுகிறோம். எதையும் கூட்டி எழுதவில்லை.

நிரலின் முதல் வரியே பிழை. ‘விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு 15 நிமிடம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது அங்கோருக்குக் கிட்டவுள்ள சியம் ரீப் நகரத்தை ஒட்டியிருந்த பழைய நிலையத்தின் கணக்கு. 2023 ஒக்ரோபரில் புதிய நிலையம் திறந்ததும் பழையது மூடப்பட்டுவிட்டது. புதியது நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர், வான் வண்டியில் ஒரு மணித்தியாலம். பிற்பகல் 3.40க்கு இறங்கி, குடிவரவு முடித்து, பொதிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர 4.35 ஆகிவிட்டது. ‘5.00 நுழைவுச்சீட்டு, 5.30 புனோம் பாக்கெங் குன்றில் சூரிய அஸ்தமனம்’ என்ற உங்கள் அடுத்த வரியை எந்தச் சாரதியாலும் நிறைவேற்ற முடியாது. சீட்டு நிலையம் 5.30க்கு மூடும். நாங்கள் அதன் வாசலுக்குப் போகும்போது 5.40.

அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு இரண்டு காட்சிகளை இல்லாமல் செய்தது. மாலை ஐந்து மணியளவில் வாங்கும் சீட்டு மறுநாளுக்குரியது. அதே சீட்டோடு அன்றைய அஸ்தமனத்தையும் பார்க்கலாம், மறுநாள் விடியற்காலையில் வரிசையில் நிற்காமல் நேரே கோயிலுக்கும் போகலாம். முதல் நாள் மாலை வாங்காவிட்டால், காலை 5 மணிக்கு நிலையம் திறக்கும்போது கூட்டத்தோடு நிற்க வேண்டும். ஒவ்வொருவராகக் கமராவுக்கு முன் நிறுத்திப் படம் பிடித்து, படம் பதித்த சீட்டைக் கொடுப்பார்கள். ஒருவருடைய சீட்டை இன்னொருவர் பாவிக்க முடியாது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில் என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும்பும். அதைப் பார்க்கும் இடம் இடப்பக்கத்துத் தாமரைக் குளக்கரை. நாங்கள் அங்கே சேர்ந்தபோது வெயில் கோபுர உச்சியைத் தாண்டியிருந்தது. இந்தச் சீட்டை இணையத்திலும் வாங்கலாம், ஆளின் படத்தை ஏற்றினால் போதும். எங்கள் ஆறு பேரின் படமும் கடவுச்சீட்டுப் பிரதியும் ஆறு கிழமைக்கு முன்பே உங்களிடம் இருந்தன.

இனி முக்கியமான விடயம். உங்கள் விலைமதிப்பில் ‘அங்கோர் நுழைவுச்சீட்டு, 3 நாள், ஒருவருக்கு 62 டொலர்’ என்று தெளிவாக இருக்கிறது. ஒருநாள் சீட்டு 37 டொலர், மூன்று நாள் சீட்டு 62 டொலர். மூன்று நாளும் அடுத்தடுத்து வரவேண்டும் என்றும் இல்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பாவிக்கலாம். விடியற்காலை இருட்டில் உங்கள் பிரதிநிதி ஆறு சீட்டுகளை எங்கள் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வீதிச் சோதனைச் சாவடியில் ஊழியர் என் சீட்டை வாங்கி, திகதியின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். ஆறும் முந்திய நாளோடு முடிந்த ஒருநாள் சீட்டுகள். உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தோம். ‘இன்றைக்கு மட்டும் எடுங்கள், நாளைக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார்கள். அதை நம்பித்தான் 62 டொலர்ச் சீட்டை எடுக்காமல் 37 டொலர்ச் சீட்டை எடுத்தோம், ஆறு பேருக்கும் 222 டொலர், எங்கள் கைக்காசு. கொண்டுபோன நூறு டொலர் நோட்டு ஒன்றில் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தது, அதை வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த நாட்டில் கிழிந்த டொலர் நோட்டு செல்லாது என்பதைக்கூட உங்கள் அறிவுறுத்தல் தாளில் எழுதவில்லை. மூன்றாம் நாளுக்கு யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. ரொலுவோஸ் கோயில்கள் முழுவதும் எங்களுக்கு இல்லாமல் போயின. அவற்றில் ஒன்று 881இல் இந்திரவர்மன் எடுப்பித்த பாக்கொங், அங்கோர் வாட்டுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. மலைபோலப் படிப்படியாக எழும் அந்தக் கட்டட முறை எங்கிருந்து தொடங்கியது என்பதை அங்கேதான் கண்ணால் காணலாம்.

அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு ஏற முடியாமற் போனதை எங்களால் பொறுக்கவே முடியவில்லை. நடுக்கோபுரம் நிற்கும் அந்தத் தளத்தை மாதத்தில் நான்கு பௌத்த புனித நாட்களில் பூட்டிவிடுவார்கள். நீங்கள் எங்களை அனுப்பியது அட்டமி நாளில். ஐயா, இது கம்போடியாவுக்குப் போய் விசாரிக்க வேண்டிய இரகசியம் அல்ல. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி என்ற நான்கும் நம் நாட்டில் சுவரில் தொங்கும் கலண்டரிலேயே அடையாளமிட்டுக் கிடக்கின்றன. பூரணைதோறும் போயா விடுமுறை உள்ள நாட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்கத் தவறியதற்கு என்ன விளக்கம் தருவீர்கள்? முதல் நாளையும் இரண்டாம் நாளையும் இடம் மாற்றியிருந்தால் போதுமே.

கீழ்த்தளச் சிற்பக்கூடத்தையும் ஆறுதலாகப் பார்க்க விடவில்லை. ‘8.30க்கு வான் புறப்படும்’ என்று நிரலில் இருப்பதாகச் சாரதி சொன்னார். அந்தக் கூடம் 215 மீற்றர் நீளம், 187 மீற்றர் அகலம், ஒரு சுற்று ஏறத்தாழ 800 மீற்றர், அதில் பெரும்பகுதியும் புடைப்புச் சிற்பம். நின்று பார்க்க இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். மேற்குச் சுவரில் வாசலுக்கு வலப்பக்கம் குருக்ஷேத்திரம், இடப்பக்கம் இலங்கைப் போர்: பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் தேரில், எதிரே அனுமனின் தோள்மேல் நின்று வில் வளைக்கும் இராமன். மேற்குச் சுவருக்கு வெளிச்சம் வருவது பிற்பகலில். பாற்கடல் கடையும் காட்சி கிழக்குச் சுவரில், அதற்குக் காலை வெளிச்சம். இந்த வேறுபாடு தெரிந்தவர் எழுதிய நிரல் அல்ல இது.

இரண்டாம் நாளுக்குரியது பந்தே ஸ்ரேய், நாங்கள் இந்தப் பயணத்தைத் தெரிவு செய்ததற்கே காரணமான கோயில். 967இல் குடமுழுக்குக் கண்டது, செம்மணற்கல்லில் மரவேலை போலச் செதுக்கியது. ‘நூலகம்’ எனப்படும் இரண்டு சிறு கட்டடங்களில் தெற்கிலுள்ளதன் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கும் சிற்பம் இருக்கிறது. கயிலை ஒரு படிக்கட்டுக் கோபுரம். உச்சியில் சிவன், அவரைப் பற்றிக்கொண்டு உமை. நடுப்படிகளில் முனிவர்களின் கலவரம், கீழே கலைந்தோடும் விலங்குகள், அடியில் அடுக்குத் தலைகளோடு இராவணன். தட்சிண கைலாசம் என்று பேர்பெற்ற ஊரில், கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்ன என்பதை உங்கள் கிளை ஊழியரிடம் முன்பதிவின்போதே சொல்லியிருந்தோம். கிழக்குப் பார்த்த கோயில், ஆகவே காலையில் போக வேண்டும். ‘காலை’ என்று அவரும் படிவத்தில் எழுதினார். உங்கள் நிரலில் அது பிற்பகல் மூன்றரை ஆகிவிட்டது. சீட்டுக் குழப்பத்தோடு போய்ச் சேர்ந்தபோது நாலே கால். உட்பிரகாரத்தைக் கயிறு கட்டி மறித்திருப்பதால் கிட்டப் போக முடியாது. அந்த முகப்பு முழுவதும் நிழலில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம்.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலைமதிப்பில் ‘உரிமம் பெற்ற வழிகாட்டி, 3 நாள், 120 டொலர்’. வந்தவர் சாரதி மட்டும். அவர் நல்ல மனிதர், அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குள் விளக்கம் சொல்வது உரிமம் உள்ள வழிகாட்டியின் வேலை. அதை அவர் செய்ய முடியாது, செய்யவும் இல்லை.

ஆகவே கைக்காசாகக் கட்டிய 222 டொலரையும், வராத வழிகாட்டிக்கு நீங்கள் அறவிட்ட 120 டொலரையும், மொத்தம் 342 டொலரை, பணம் கட்டிய அதே வங்கிக் கணக்கு வழியாகத் திருப்பித் தாருங்கள். பார்க்காமல் விட்ட மேல்தளத்துக்கும் ரொலுவோஸுக்கும் நாங்கள் விலை போடவில்லை. மூன்று நாள் சீட்டுக்குப் பணம் வாங்கி ஒருநாள் சீட்டு எடுக்கும்படி சொன்னது உங்கள் அலுவலகமா, அங்குள்ள முகவரா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்தப் பயணத்தை இன்னும் விற்கிறீர்கள் என்பதை உங்கள் விளம்பரத்தில் பார்த்தோம். அடுத்த குழு புறப்படுமுன் விமான நிலையத் தூரத்தைத் திருத்துங்கள். சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். அங்கோர் வாட்டுக்குக் குறித்த நாளைக் கலண்டரோடு ஒப்பிடுங்கள். பந்தே ஸ்ரேயைக் காலை எட்டு மணிக்கு வையுங்கள்.

பதினான்கு நாளுக்குள் பதில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அதனால் அதற்குமேல் எங்களால் காத்திருக்க முடியாது. விலைமதிப்பு, பணம் கட்டிய பற்றுச்சீட்டு, முன்பதிவுப் படிவம், ஒருநாள் சீட்டுகள் பன்னிரண்டின் படங்கள், உங்கள் அலுவலகத்துக்கு எடுத்த தொலைபேசி அழைப்பின் நேரப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறோம். மூலப்பிரதிகள் எங்களிடம் உள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பயணக்குழுவின் ஆறு பேர் சார்பில்